துப்பாக்கிச் சட்டமும் ஓர் ஆளுநரின் கருணையும்



தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் புத்தகப் பையில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி அகப்பட்டது. சிறு உருண்டைகளைச் சுடும் வகை, கறுப்பு நிறம். சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் உண்மையான கைத்துப்பாக்கி என்றே தோன்றும். ஆயுதமோ ஆயுதம் போன்ற பொருளோ பள்ளிக்குக் கொண்டுவருவது கடுமையான குற்றம் என்பது விதி. கட்டொழுங்குக் குழு கூடியது. பத்து நிமிடத்தில் முடிவெடுத்தோம். அறிக்கை எழுதியவன் நான்தான். பையனுக்கு ஒரு வாரம் இடைநீக்கம். தாயார் வந்து கண் கலங்கி நின்றபோது, "விதி எல்லாருக்கும் ஒன்றுதான் அம்மா" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். கடமையைச் செய்துவிட்ட நிறைவோடுதான் அன்று வீடு திரும்பினேன்.

மாலையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேநீர்க் கடையில் சந்தித்தேன். தங்காக் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பல்லாண்டு பணியாற்றியவர். நடந்ததைச் சொன்னேன். அவர் பாராட்டவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. "1977இல் பினாங்கில் 14 வயதுப் பையனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்களே, தெரியுமா தம்பி? அங்கேயும் விதி எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது" என்றார். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேடிப் படித்தேன். படித்தபின் எழுந்த எண்ணங்களையே இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது. அது கடுமையாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, காவல்துறையின் உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. காற்றுத் துப்பாக்கியும் அச்சட்டத்தில் ஆயுதமே. உரிமமின்றி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டமோ சட்டவிரோதமாக வைத்திருப்போருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. போலித் துப்பாக்கிக்குக்கூடச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு.

இந்தக் கட்டுப்பாட்டின் அருமை வேறு நாடுகளைப் பார்க்கும்போது விளங்கும். அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆளுநருக்கு ஆளுநரும் மாறுகிறது. 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்ட் நகர உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த மாதமே ஆளுநர் ரிக் ஸ்காட், துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அவருக்குப் பின் வந்த ஆளுநர் ரான் டிசாண்டிஸ், வகுப்பாசிரியர்களும் பயிற்சி பெற்றுப் பள்ளியில் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழிவிடும் சட்டத்தில் 2019இல் ஒப்பமிட்டார். 2023இல், அனுமதிச் சீட்டு இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டத்திலும் அவரே ஒப்பமிட்டார். ஒரு கையில் வெண்சுண்ணமும் இடுப்பில் துப்பாக்கியுமாக நான் வகுப்பில் நிற்பதை எண்ணிப் பார்க்கிறேன். அப்படியொரு நிலை நமக்கு வேண்டவே வேண்டாம்!

நம் நாட்டில் ஆயுதம் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஜொகூரில் ஒரு சட்டம், மலாக்காவில் வேறொரு சட்டம் என்ற நிலை இல்லை. சுல்தான்களுக்கோ ஆளுநர்களுக்கோ அதில் தனிக் கொள்கை வகுக்கும் பொறுப்பும் இல்லை. ஆயினும் ஓரிடத்தில் மட்டும் மாநிலத் தலைவரிடம் பெரும் பொறுப்பு ஒன்று ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதுதான் மன்னிப்பு. கூட்டரசு அரசியலமைப்பின் 42ஆம் விதிப்படி, ஒரு மாநிலத்தில் நிகழ்ந்த குற்றத்துக்கான தண்டனையைக் குறைக்கவோ மன்னிக்கவோ அந்த மாநிலத்தின் சுல்தானுக்கு, சுல்தான் இல்லாத மாநிலமாயின் ஆளுநருக்கு, அதாவது யாங் டி பெர்த்துவா நெகிரிக்கு, அதிகாரம் உண்டு. சட்டத்துறைத் தலைவரும் மாநில முதலமைச்சரும் இடம்பெறும் மன்னிப்பு வாரியம் அவருக்கு ஆலோசனை கூறும். பினாங்குச் சிறுவனின் உயிர் இந்த விதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காலத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது இசா, நடப்பில் இருந்தது. அதன் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்றது. வேறு தண்டனைக்கு இடமே இல்லை. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. வைத்திருந்தாலே போதும். 1975இல் பாதுகாப்பு வழக்குகளுக்கெனத் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. சான்றுகளைப் பற்றிய வழக்கமான பாதுகாப்புகள் தளர்த்தப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வயதினராயினும் அவ்விதிகளின்படியே விசாரிக்கப்பட வேண்டும், சிறார் நீதிமன்றச் சட்டம் செல்லாது என்றும் அவை கூறின.

1977இல் பினாங்கில் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகப் பிடிபட்ட சிறுவனுக்கு வயது 14. இன்றைய கணக்கில் இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் படிவம். நீதிபதியின் முன் இருந்தது ஒரே தண்டனைதான். அதையே அவர் விதித்தார். நாடு திடுக்கிட்டது. வெளிநாடுகளிலும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வழக்கறிஞர் மன்றம் கூடி, அந்த ஒழுங்குவிதிகளின் கீழ் நடக்கும் வழக்குகளில் உறுப்பினர்கள் வாதாட வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. வழக்கறிஞர்களே வழக்குகளைப் புறக்கணிக்கும் அளவுக்கு விதி அவர்களின் மனத்தை உறுத்தியது என்றால் பாருங்கள்!

அப்போது பினாங்கின் ஆளுநர் துன் சார்டோன் ஜுபிர். முன்பு கூட்டரசு அமைச்சராக இருந்தவர். ரெங்கிட்டில் பிறந்தவர், நம் ஜொகூர்க்காரர். மன்னிப்பு அதிகாரம் அவர் பதவியைச் சார்ந்தது. சிறுவனின் தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. அவன் உயிர் பிழைத்தான்.

நல்ல முடிவுதானே, இதில் என்ன குறை என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தூக்குமேடை வரை சென்றவர்கள் வேறு பலரும் உண்டு. அவர்களுள் நம்மவர்களும் உண்டு. அவர்களுடைய கதைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் குறை புலப்படுகிறது.

1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோதே பிரிட்டிஷ் அரசு ஆயுதம் ஏந்துவதை மரண தண்டனைக் குற்றமாக்கியது. எஸ்.ஏ. கணபதி அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். தஞ்சை மண்ணிலிருந்து வந்த தமிழர். தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகக் குரல் கொடுத்தவர். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியது. பயன் விளையவில்லை.

அதே காலத்தில் நம் ஜொகூரில் சாம்பசிவம் என்பவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டு மட்டும் மறுவிசாரணைக்குச் சென்றது. அதில் மரண தண்டனை. அந்த விசாரணையில் அவருடைய வாக்குமூலம் ஒன்று காட்டப்பட்டது. துப்பாக்கியும் தோட்டாவும் தம்மிடம் இருந்தன என்று ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது. ஆனால் தோட்டாக் குற்றச்சாட்டில் அவர் ஏற்கெனவே நிரபராதி எனத் தீர்க்கப்பட்டவர் என்பதும், ஆகவே வாக்குமூலத்தின் ஒரு பாதியை நம்பக்கூடாது என்பதும் வழக்கில் உடனிருந்து கருத்துக் கூறும் மதிப்பீட்டாளர்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. 1950இல் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் இதைக் குறிப்பிட்டுத் தண்டனையை ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பை இன்றும் பல நாட்டுச் சட்ட நூல்கள் எடுத்துக் காட்டுகின்றன.

ஒரே விதி, ஒரே வகையான குற்றச்சாட்டு. ஒருவர் தூக்கிலேறினார். ஒருவர் விடுதலையானார். பிந்தைய தலைமுறையில் ஒரு சிறுவன் ஆளுநரின் கருணையால் பிழைத்தான். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது; முடிவு ஒன்றாக இல்லை!

விதிகூட முழுமையாக ஒன்றாக இருந்ததா என்பதும் ஐயமே. 1970களில் ஒரே கைத்துப்பாக்கிக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. ஆயுதச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டினால் 7 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் என்றால் 14 ஆண்டு வரை. இசாவின் கீழ் என்றால் தூக்குக் கயிறு. எந்தச் சட்டத்தைக் கையிலெடுப்பது என்பதை அரசுத் தரப்பு முடிவு செய்யும். நீதிபதியிடம் வழக்கு வந்து சேரும்போது தண்டனை ஏறக்குறைய முடிவாகிவிட்டிருக்கும். 1978 டிசம்பரில் பினாங்கைச் சேர்ந்த மற்றொரு துப்பாக்கி வழக்கில், 1975ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் செல்லாதவை என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆனால் 1979 தொடக்கத்திலேயே நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி அவ்விதிகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

கருணையும் எல்லாருக்கும் கிட்டவில்லை. 1982இல் நமக்கு அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானின் சட்டமன்றச் சபாநாயகர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக 1983இல் மரண தண்டனை பெற்றவர், கூட்டரசு அமைச்சராக இருந்த டத்தோ மொக்தார் ஹஷிம். அவருடைய தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக இசாவின் கீழ்த் தண்டிக்கப்பட்ட ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி, தமக்கு ஏன் அந்தச் சலுகை இல்லை என்று நீதிமன்றத்தை நாடினார். மன்னிப்பு வழங்குவதோ மறுப்பதோ நீதிமன்றம் ஆராயக்கூடிய பொருள் அன்று எனத் தீர்ப்பாயிற்று. 1986இல் அவர் தூக்கிலிடப்பட்டார். நான் யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்பு என்பது கேட்டுப் பெறும் உரிமை அன்று, கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் கொடை என்பதை உணர்த்தவே குறிப்பிடுகிறேன். பினாங்குச் சிறுவனுக்காக நாளேடுகள் எழுதின, வழக்கறிஞர்கள் திரண்டனர், உலகம் பேசியது. யாரும் பேசாதவனுக்கு?

ஆகவே என் கருத்து இதுதான். துப்பாக்கிச் சட்டம் நம்மைக் காப்பது வாசலில்தான். உரிமம், சோதனை, கடத்தல் தடுப்பு ஆகியவற்றால்தான் துப்பாக்கி நம் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கிறது. அந்த வாசல் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நல்லதே. ஆனால் பிடிபட்டவனின் வயதையும் நோக்கத்தையும் செயலையும் பாராமல் தண்டனையை முன்கூட்டியே எழுதி வைப்பது வேறு. நாம் இரண்டையும் ஒன்றென மயங்கிவிடுகிறோம். கட்டாயத் தண்டனையைக் கேள்வி கேட்டால், துப்பாக்கியை ஆதரிப்பதாகப் பொருள் கொள்கிறோம்.

நம் நாடே இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2012இல் இசா அகற்றப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்ததற்காக மட்டும் கட்டாயத் தூக்கு என்ற அந்த 57ஆம் பிரிவும் அதனோடு போயிற்று. அதனால் தங்காக் துணிக்கடை வீதியில் துப்பாக்கிக் கடை திறந்துவிடவில்லையே! 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. கொள்ளை போன்ற குற்றத்தின்போது துப்பாக்கியால் சுட்டவருக்குக்கூட, மரண தண்டனையா 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியுமா என்பதை இப்போது நீதிபதி ஆராய்ந்து முடிவு செய்யலாம். உரிமச் சட்டம் ஓர் எழுத்தும் தளரவில்லை. தண்டனைக்கு முன் ஆளைப் பார்க்கும் கடமை மட்டும் ஆளுநரின் மேசையிலிருந்து நீதிமன்றத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. அதுவே அதற்கு உரிய இடம்.

இதற்கு மறுப்பும் உண்டு. 2025 அக்டோபரில் சிலாங்கூர், பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் 16 வயது மாணவி கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். குற்றம் சாட்டப்பட்ட மாணவனின் வயது 14. "இப்படிப்பட்ட காலத்தில் இரக்கம் பேசலாமா?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். பிள்ளையை இழந்த அந்தக் குடும்பத்தின் முன் எந்த வாதமும் எடுபடாது என்பதை அறிவேன். பள்ளி வாசலில் சோதனை வேண்டும் என்றால் நானே முதலில் நிற்பேன். எனினும், 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, எத்தகைய குற்றமாயினும் சிறுவருக்கு மரண தண்டனை இல்லை. அதற்குப் பதிலாக ஆட்சியாளர் அல்லது ஆளுநர் மனம் கொள்ளும் காலம்வரை தடுத்து வைக்கப்படுவர். 1977இல் பாதுகாப்பு வழக்கு என்ற பெயரால் மறுக்கப்பட்ட பாதுகாப்பு இது. கோபத்தில் இருக்கும்போது இதைக் கைவிட்டுவிடக் கூடாது. இரக்கம் என்றால் தண்டனையே கூடாது என்பதன்று. தண்டிக்குமுன் பார்க்க வேண்டும் என்பதே.

இனி, நான் எழுதிய அறிக்கைக்கு வருகிறேன். இடைநீக்கம் முடிந்து பையன் திரும்பி வந்த அன்று, அதுவரை யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டேன். "ஏன்டா கொண்டு வந்தாய்?" அவன் தந்தை ஒரு நகைக்கடையில் ஜாகா வேலை பார்ப்பவர். தோளில் நீளத் துப்பாக்கியோடு கடை வாசலில் நிற்பவர். தந்தையின் வேலையை வகுப்புத் தோழர்களுக்கு நடித்துக் காட்டவே தீபாவளிக்கு வாங்கிய பொம்மையைக் கொண்டு வந்தானாம். உரிமம் பெற்ற துப்பாக்கியோடு நாள் முழுதும் வெயிலில் நின்று பிழைக்கும் மனிதரின் மகனைத்தான் ஆயுதக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். பொம்மையைப் பறிமுதல் செய்தது சரி. பெற்றோரை அழைத்ததும் சரி. ஒரு வாரம் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த கட்டொழுங்குக் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தேன். மாணவனிடமும் பெற்றோரிடமும் பேசிய குறிப்பு இல்லாமல் எந்த இடைநீக்க அறிக்கையும் இனி எழுதுவதில்லை என முடிவாயிற்று. எளிய மாற்றம்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசல் போன்ற விளையாட்டுத் துப்பாக்கிகளைத் தீபாவளிக்கு வாங்கித் தராதீர்கள். போலி ஆயுதம் சட்டத்துக்குப் புறம்பானதாகலாம். அதை நீட்டியவன் விளையாடுகிறான் என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. கேட்டால் மறுப்பதோடு நிறுத்தாமல், ஏன் கூடாது என்று பிள்ளைக்கு விளக்குங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரலாறும் நன்னெறியும் கற்பிக்கும்போது கணபதியையும் சாம்பசிவத்தையும், பெயர் சொல்லாமல் அந்தப் பினாங்குச் சிறுவனையும் நம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். துப்பாக்கி எவ்வளவு கொடியது என்பதையும், அதைத் தடுக்க எழுதிய சட்டம் ஆளைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் ஒன்றாகக் கற்க வேண்டும். நாளைக்கு நீதிபதியாகவோ காவல் அதிகாரியாகவோ கட்டொழுங்கு ஆசிரியராகவோ அமரப்போகிறவர்கள் அவர்கள்தானே?

மாற்றுக் கருத்து உடையவர்கள் தயங்காமல் எழுதுங்கள். நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
தங்காக்கிலிருந்து ஒரு தமிழாசிரியன்